ஆர்டிஸின் அரை அங்குலம்

ஸ்டெனர்விக்கில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் குளிர் ஆறு மாதம் குடியிருக்கும் ஊர் அது. பகைத்துக்கொண்டால் பனியில் புதைந்த காரைத் தள்ள ஆள் கிடைக்காது என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம். ஒருத்தி சமைத்துக் கொண்டுவந்தது வாயில் வைக்க விளங்கவில்லை என்றால், "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவளுக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடும். "ரொம்ப வித்தியாசமா இருக்கே" என்று ஒரே ஒரு முறை, பல வருடங்களுக்கு முன், ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கேட்ட குடும்பம் ஊரைவிட்டே போய் இப்போது ஃபார்கோவில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஆர்டிஸ் க்வாமி முப்பத்தோரு வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். எடைத்தட்டில் முள் ஒரு மயிரிழை தாண்டினால் போதும், இன்னொரு ஸ்டாம்பு. பாஸ்டருக்கும் அதே சட்டம், அவளுடைய கணவன் ஆர்வலுக்கும் அதே சட்டம். ஆர்வல் காலமானான், ஆபீசும் ஓய்வு கொடுத்தது. அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டே மாதம்தான் தாக்குப்பிடித்தாள். மூன்றாம் மாதம் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு லுத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் இறங்கினாள். அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் பெண்கள் கூடி ஒட்டுப் போர்வை தைப்பார்கள். தைத்ததெல்லாம் அக்டோபரில் லாரி ஏறி, எங்கெங்கோ வீடிழந்து நிற்பவர்களுக்குப் போகும்.

புதுத் துணியில் தைப்பதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஒட்டுப் போர்வை தைக்கிற பெண்கள் முடிக்கிற போர்வையைவிடத் தொடங்குகிற போர்வைதான் அதிகம். முப்பத்தைந்து கட்டம் தைத்து இணைத்தால் ஒரு போர்வை. எட்டுக் கட்டம் தைப்பார்கள், அதற்குள் வேறொரு நிறம் கண்ணில் பட்டுவிடும். எட்டும் பெட்டிக்குள் போகும். இப்படி நாற்பது வருடம் பெட்டி நிறைத்துவிட்டு அம்மா போய்ச் சேர்ந்ததும், மகள்கள் வீட்டைக் காலி செய்ய வருவார்கள். அம்மா கையால் தைத்ததைக் குப்பையில் போட மனசு வராது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசு வராது. ஞாயிறு ஆராதனை நடக்கும்போது பையை அடித்தளத்தின் வாசலில் வைத்துவிட்டு, கர்த்தருக்கே கொடுத்த நிம்மதியோடு மினியாப்பொலிஸ் திரும்பிவிடுவார்கள். இந்தத் துண்டுகளுக்குத்தான் அநாதைக் கட்டங்கள் என்று பெயர்.

அநாதைகளுக்கு ஆர்டிஸ் மேட்ரன் ஆனாள்.

அவள் மேஜையில் சட்டம் ஒன்றுதான். கட்டம் நாலு பக்கமும் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் வெட்டலாம். குறைந்தால் நாய்ப்பெட்டி. மாவட்டத்தில் தெருநாய்க் காப்பகம் ஒன்று உண்டு. உதவாத துணியையெல்லாம் உறையில் திணித்து அதற்கு மெத்தையாக அனுப்புவார்கள். ஆர்டிஸ் பொறுப்பேற்ற பிறகு அந்தப் பக்கத்து நாய்கள் நல்ல பருத்தியில், கையால் தைத்த ரோஜாக்களின் மேல் படுத்துக் கிடந்தன.

"கால் அங்குலந்தான குறையுது ஆர்டிஸ்? சுத்தி ஒரு பட்டை வெச்சுத் தச்சா சரியாப் போயிடும்ல?" என்று ஆரம்பத்தில் ஜெனிவா பிரெக்கி கேட்டுப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கட்டங்கள் பதினொன்று மேஜையில் கிடந்தன.

"பட்டை வெச்சு நீட்டுறது ஏமாத்து வேலை ஜெனிவா. குள்ளமா பொறந்தவனுக்குக் குதிகால் ஒசந்த செருப்பு மாட்டி விடுற மாதிரி."

பதினொன்றும் நாய்க்குப் போயின. அடுத்த செவ்வாய் ஜெனிவா வழக்கம்போல எலுமிச்சை இனிப்பு சுட்டுக்கொண்டு வந்தாள், சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கொடுத்தாள். ஸ்டெனர்விக் என்றால் அதுதான். மூன்று வருடத்தில் ஜெனிவா காலமானாள். மகள்கள் கொண்டுவந்து வைத்த பையில் கட்டம் எதுவும் இல்லை.

ஆர்டிஸும் வீட்டில் தைப்பாள். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் பன்னிரண்டு நட்சத்திரக் கட்டம். துணித்துண்டுகளின் முனை முனையோடு ஊசி நுனியாகச் சேரும். முதல் செவ்வாயன்று பன்னிரண்டையும் கொண்டுவந்து, தேறிய கட்டங்களின் அடுக்கின் மேல் நேராக வைத்துவிடுவாள். அவற்றை அளந்ததில்லை. அளவுகோலையே யாராவது அளந்து பார்ப்பார்களா?

இதில் ஒரே ஒரு முள், இடெல்லா ட்வீட்டன்.

இடெல்லாவுக்கு எண்பத்தொன்று. ஒரு காலத்தில் நாற்பது மாடு கறந்தவள். தேறிய கட்டங்களை ஜன்னலோரம் இருந்த மெஷினில் இணைப்பது அவள் வேலை. மற்றவர்களுடைய கட்டங்களை அப்படியே இணைப்பாள். ஆர்டிஸின் நட்சத்திரங்களுக்கு மட்டும் சுற்றிலும் பழுப்பில் ஒரு மெல்லிய பட்டை வைத்துத் தைப்பாள். துணி, ஊரில் சவ அடக்கம் நடத்துகிறவர் பழைய திரைச்சீலையை மாற்றியபோது தானமாகக் கொடுத்தது. பத்தொன்பது வருடமாக ஆர்டிஸின் நட்சத்திரங்கள் எல்லாம் இரங்கல் அட்டையில் அச்சடித்தது மாதிரிதான் லாரி ஏறின.

முதல் வருடமே கேட்டாள்.

"இடெல்லா, இந்தப் பழுப்பு என்னத்துக்கு?"

இடெல்லா மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "உன் நட்சத்திரம் கண்ணைப் பறிக்குது ஆர்டிஸ். சுத்தி ஒரு கோடு போட்டா அடக்கமா இருக்கும்னு தோணுச்சு."

ஆர்டிஸுக்குப் புரிந்துவிட்டது. பொறாமை. அன்றிலிருந்து தேவாலய விருந்துகளில் இடெல்லா உட்கார்ந்த மேஜையில் அவள் உட்காருவதில்லை. ஆனால் இடெல்லாவுக்குக் கண் மங்கிக் கார் ஓட்ட முடியாமல் போனதும், செவ்வாய் தோறும் அவளை வீட்டிலிருந்து கூட்டிவந்து கொண்டுபோய் விடுவது ஆர்டிஸ்தான். பகை வேறு, போக்குவரத்து வேறு.

தேவாலயத்துக்கு நூற்றிருபத்தைந்தாவது வருடம் வந்தது. அநாதைக் கட்டங்களை வைத்தே ஒரு போர்வை தைத்து, பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வருடம் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. முப்பத்தைந்து கட்டம், குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு. அந்தக் கணக்கில் நட்டநடுவில் ஒரு கட்டம் வரும். அங்கே தன் நட்சத்திரம் இருக்க வேண்டும், பழுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். எழுபத்து நாலு வயதில் ஆர்டிஸ் கர்த்தரிடம் கேட்டது இவ்வளவுதான். கர்த்தரிடம் நேராகக் கேட்டுவிட்டாள். இடெல்லாவிடம்தான் சுற்றிவளைக்க வேண்டியிருந்தது.

"நடுவுல கோடு இல்லாமயும் ஒருவேளை நல்லா இருக்குமோ என்னமோ" என்றாள் காரில் போகும்போது.

"பாக்கலாம்" என்றாள் இடெல்லா. அந்த ஊரில் 'பாக்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம்.

இந்த நேரம் பார்த்து கான்செட்டா வந்து சேர்ந்தாள். நியூ ஜெர்சிக்காரி. மகள் வீட்டோடு இருக்க வந்தவள். கத்தோலிக்கப் பெண்தான். ஆனாலும் நேராகத் தைக்கத் தெரிந்ததால் அடித்தளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பது வருடம் கட்டட ஆய்வாளராக இருந்து, படிக்கட்டு கால் அங்குலம் கோணினால் கட்டடத்துக்கே பூட்டுப் போட்டவள். கைப்பையில் அவளுக்கென்று தனியாக ஒரு ஸ்கேல் இருந்தது. ஆர்டிஸுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் கழித்து இந்த அடித்தளத்தில் அளவு தெரிந்த இன்னொரு ஆத்மா!

அந்தச் செவ்வாய் காபி முறை ஆர்டிஸுடையது. முட்டை உடைத்துப்போட்டுக் கொதிக்கவைக்கிற காபி. பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் பொங்கிவிடும். "கான்செட்டா, கொஞ்ச நேரம் மேஜையப் பாத்துக்கோங்க" என்று ஸ்கேலைக் கையில் கொடுத்துவிட்டு மாடிச் சமையலறைக்குப் போனாள்.

தட்டோடு அவள் திரும்பியபோது அடித்தளம் வெறிச்சென்றிருந்தது. ஆள் குறைவில்லை. பதினாலு பெண்கள் இருந்தார்கள். பதினாலு பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

நாய்ப்பெட்டியில் பன்னிரண்டு நட்சத்திரங்கள் கிடந்தன.

"எல்லாத்தையும் அளந்துட்டேன். தேறின அடுக்கையும் சேத்து" என்றாள் கான்செட்டா சந்தோஷமாக. "அதுல ஒரு பன்னெண்டு எப்படியோ நொழஞ்சிருச்சு. பன்னெண்டரை இருக்க வேண்டிய எடத்துல வெறும் பன்னெண்டுதான். யார் தச்சதோ தெரியல. கண்ணு தெரியாத கெழவி போல, பாவம்."

பதினாலு பேரில் ஒருத்தியான லவோனின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"அளந்தீங்களா?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒவ்வொண்ணையும் மூணு தடவ."

"இந்தக் குளிர்ல ஸ்கேல் சுருங்கியிருக்கும்" என்றாள் லவோன் அவசரமாக.

"பருத்தி வேற. பருத்தி சுருங்கும்" என்றது ஜன்னல் பக்கம் ஒரு குரல்.

"ரெண்டும் சேந்து சுருங்கினா அளவு சரியாத்தானம்மா வந்திருக்கணும்?" என்றாள் கான்செட்டா. "ஒண்ணு சொல்லணும். பன்னெண்டும் ஒரே மாதிரி தப்பு. அச்சுல வார்த்த மாதிரி. தப்பு பண்ணாலும் எவ்ளோ ஒழுங்காப் பண்ணியிருக்கா பாருங்க, ஆச்சரியமா இருக்கு."

ஆர்டிஸ் தட்டை வைத்தாள். ஒரு நட்சத்திரத்தை எடுத்து விரித்தாள், ஸ்கேலை வைத்தாள். பன்னிரண்டு. திருப்பி வைத்தாள். பன்னிரண்டு. இன்னொன்றை எடுத்தாள்.

நாலாவது கட்டத்துக்குப் பிறகு அவள் கண் தானாக ஜன்னலோரம் போயிற்று. இடெல்லாவின் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் மூடி திறந்தபடி இருந்தது. உள்ளே பழுப்புப் பட்டைகள். முக்கால் அங்குலம் அகலத்தில், முன்கூட்டியே வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு, கட்டுக்கட்டாக. பத்து வருடத்துக்குக் காணும். முக்கால் அங்குலப் பட்டையில் இரண்டு பக்கத் தையலும் அரை அங்குலம் தின்றது போக, ஓரத்துக்குக் கால் அங்குலம் மிஞ்சும். இரண்டு ஓரம் சேர்ந்தால் அரை. பன்னிரண்டும் அரையும் பன்னிரண்டரை. தபால் ஆபீஸ் மூளைக்கு இந்தக் கூட்டல் போட ஒரு நொடிதான் ஆயிற்று. பத்தொன்பது வருடமும் ஒரு நொடியும்.

அப்படியென்றால் இங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஜெனிவாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் எலுமிச்சை இனிப்பு சுட்டு எடுத்துவந்திருக்கிறாள்.

"யாருது இது? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கான்செட்டா.

பதினாலு பேரும் இன்னும் ஆழமாக மடியைப் பார்த்தார்கள்.

"என்னுது" என்றாள் ஆர்டிஸ். கையிலிருந்த நாலையும் திரும்ப நாய்ப்பெட்டியில் போட்டாள். "சட்டம்னா சட்டந்தான். காபி ஆறுது, குடிங்க."

குடித்தார்கள். காபி நன்றாக இருந்ததாக எல்லாரும் தனித்தனியே சொன்னார்கள். சிலர் இரண்டு தடவை சொன்னார்கள்.

திரும்பும் வழியில் கார் தானியக் கிடங்கைத் தாண்டியது.

"பத்தொம்பது வருஷம் இடெல்லா" என்றாள் ஆர்டிஸ்.

"ரோடு வழுக்குது. பாத்து ஓட்டு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்றது? அந்தத் திரைச்சீலைத் துணி நெறையக் கெடந்துச்சு. வீணாக்கக் கூடாதேன்னு பாத்தேன்." இடெல்லா ஜன்னல் வழியே வயலைப் பார்த்தாள். "நாளைக்கும் பனி பெய்யும்னு ரேடியோல சொன்னான்."

"சொன்னான்" என்றாள் ஆர்டிஸ்.

ஸ்டெனர்விக் வழக்கப்படி அது ஒரு பெரிய சண்டை, அதைத் தொடர்ந்து ஒரு பெரிய சமாதானம்.

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசிக்கு வலப்பக்கம், கால் அங்குலம் தள்ளி, தகட்டின் மேல் டேப் ஒட்டியிருந்தது. துணியின் விளிம்பை அந்த டேப்போடு ஒட்டி ஓட்டினால் தையல் கால் அங்குலத்தில் விழும். ஆர்வல் உயிரோடு இருந்தபோது அளந்து ஒட்டிய டேப். ஓரம் பிசிறினால் ஆர்டிஸ் அதைப் பிய்த்து எறிய மாட்டாள். டேப் என்ன சும்மாவா வருகிறது? பிசிறிய ஓரத்தை மூடாமல், அதற்குச் சற்று வலப்புறமாகத் தள்ளி, மேலேயே இன்னொன்றை ஒட்டுவாள். பிசிறிய நுனியை மட்டும் கத்தரித்துவிடுவாள். இப்போது நகத்தால் உரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஏழு. ஒவ்வொரு தடவையும் ஒரு நூலளவு விலகல். அந்தந்த நூலைத் தையல் தின்றிருக்கிறது. வீட்டில் அவள் தைத்த போர்வைகளில் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி சுருங்கியதால் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. அடுத்தவர் கட்டத்தோடு சேரும்போதுதான் சிக்கல். அவள் மட்டும் தனியாக இருந்த வரைக்கும் எல்லாம் கச்சிதம்.

தகட்டைத் துடைத்து, அளந்து, புது டேப் ஒட்டினாள். ஒரே ஒரு நட்சத்திரம் தைத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. நாலு பக்கமும் பன்னிரண்டரை. குறுக்குவாட்டிலும் அளந்தாள், சரியாக இருந்தது. அடுத்த செவ்வாய் அதைக் கொண்டுபோய், எல்லாரும் பார்க்கும்படி மேஜையில் வைத்து, கான்செட்டாவிடம் ஸ்கேலை நீட்டினாள்.

கான்செட்டா அளந்தாள். "பன்னெண்டரை. நறுக்குன்னு."

ஆர்டிஸ் அடுக்கின் உச்சியில் அதை வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். நடுக்கட்டம், பழுப்பு இல்லாமல். வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம். இனி பட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்த வாரம் இணைத்து முடித்த போர்வையை நீள மேஜையில் விரித்தார்கள். மேல்துணியும் அடித்துணியும் விலகாமலிருக்கச் சுற்றி நின்று முடிச்சுப் போட வேண்டும். ஊசியும் நூலுமாக ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நட்டநடுவில் ஆர்டிஸின் நட்சத்திரம். சுற்றிலும் பழுப்பு.

இடெல்லாவின் கை அதுபாட்டுக்கு டின்னுக்குள் போயிருக்கிறது. பத்தொன்பது வருடப் பழக்கம். மங்கிய கண்ணுக்கு நட்சத்திரம் தெரிந்தது, அளவு தெரியவில்லை. பன்னிரண்டரைக் கட்டம் பட்டையோடு பதின்மூன்று ஆகிவிட்டது. அந்தப் பதின்மூன்றைப் பன்னிரண்டரை இடத்துக்குள் சுருக்கிச் சுருக்கித் திணித்துத் தைத்திருந்தாள். போர்வையின் மத்தியில் நட்சத்திரம் சாப்பிட்டு எழுந்தவன் வயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன, எல்லாரும் பேசாம நிக்கிறீங்க?" என்றாள் இடெல்லா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "நல்லா வந்திருக்கா?"

ஆர்டிஸின் கையில் ஸ்கேல் இருந்தது. தையலைப் பிரிக்கும் கருவி ஏப்ரன் பாக்கெட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொங்கவிட வேண்டும், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பிரித்துத் தைக்க ஒரு நாள் போதும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னால் யாரும் மறுக்கப்போவதுமில்லை. கர்த்தரிடம் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பக்கத்தில் கான்செட்டா தொண்டையைச் செருமினாள். "நடுவுல அது கொஞ்சம் புடை—"

ஆர்டிஸ் ஒரு எலுமிச்சை இனிப்பை எடுத்து அவள் வாயருகே நீட்டினாள். "இதைச் சாப்டுப் பாருங்க கான்செட்டா. ஜெனிவாவோட கைப்பக்குவம். லவோன் எழுதி வெச்சிருந்து சுட்டிருக்கா."

கான்செட்டா அவளைப் பார்த்தாள். இடெல்லாவைப் பார்த்தாள். நாற்பது வருடம் கட்டடங்களுக்குப் பூட்டுப் போட்டவள், வாயைத் திறந்து இனிப்பை வாங்கிக்கொண்டாள்.

"அடக்கமா இருக்கு இடெல்லா" என்றாள் ஆர்டிஸ். "இந்தக் கோடு இல்லன்னா கண்ணைப் பறிச்சிருக்கும்."

"அதைத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றாள் இடெல்லா.

ஞாயிற்றுக்கிழமை போர்வை பீடத்துக்குப் பக்கத்தில் ஏறியது. பாஸ்டர் அதைப் பத்து நிமிடம் பிரசங்கத்தில் இழுத்தார். நடு நட்சத்திரம் மட்டும் சுவரை விட்டு நம்மை நோக்கி எழுந்து வருவதைக் கவனியுங்கள், விசுவாசம் தட்டையாகக் கிடப்பதில்லை என்றார். இத்தனை யோசித்துத் தைத்த சகோதரிகளுக்கு நன்றி சொன்னார். சகோதரிகள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய் அநாதைப் பை ஒன்று வந்திருந்தது. முதல் கட்டத்தை ஆர்டிஸ் அளந்தாள். கால் அங்குலம் குறைவு. கை நாய்ப்பெட்டி வரைக்கும் போய் நின்றது. எழுந்துபோய் அதை இடெல்லாவின் மெஷின் மேல் வைத்தாள்.

"இதுக்கும் ஒரு கோடு போட்டா அடக்கமா இருக்கும்னு தோணுது."

"பாக்கலாம்" என்று டின்னைத் திறந்தாள் இடெல்லா. இந்தத் தடவை அதற்கு நேரான அர்த்தம்தான். "துணியும் நெறையக் கெடக்கு. உன் நட்சத்திரத்துக்குன்னே இன்னும் பத்து வருஷத்துக்கு வெட்டி வெச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ஆர்டிஸ்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்கு முன் சரியாக ஒட்டிய டேப்பை மெதுவாக உரித்தாள். ஊசியிலிருந்து கால் அங்குலம் எண்ணி, அதற்கு மேல் பழைய ஏழு டேப்பின் விலகலையும் சேர்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியில் புது டேப்பை ஒட்டினாள். ஒரு நட்சத்திரம் தைத்து, வாழ்க்கையில் மூன்றாம் முறையாகத் தன் கட்டத்தைத் தானே அளந்தாள். பன்னிரண்டேகால் வந்தது. உதட்டைப் பிதுக்கினாள். பிரித்துவிட்டு, டேப்பை இன்னும் ஒரு நூல் தள்ளி ஒட்டி, மறுபடியும் தைத்தாள்.

பன்னிரண்டு. நறுக்கென்று.